தூளியைத் தாங்கிய எண்ணெய்

வேலை நிற்கும்போது வாளி தரையைத் தொட்டிருக்க வேண்டும். தூக்கி நிறுத்திய கையின் கீழே மனிதர் எவரும் இருக்கக் கூடாது. மண் தோண்டும் எந்திரங்களுக்கான பாதுகாப்பு விதிகளில் இதைவிட எளியது கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று எந்திரத்தின் பக்கவாட்டிலேயே படமாகப் போட்டு ஒட்டியிருப்பார்கள். படத்தில் ஒரு மனிதன், அவன் தலைக்கு மேல் இரும்புக் கை, இரண்டுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. எங்கள் தெருவுக்கு வந்த எந்திரத்தில் அந்தப் படத்தின் மேல் யாரோ ஒரு சாமி படத்தை ஒட்டியிருந்தார்கள். மனிதனின் கால் மட்டும் கீழே தெரிந்தது.

நான் உத்தியோகக் காலம் முழுவதும் எண்ணெய் பார்த்தவன். ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், கனரக வண்டிகளுக்காக வரும் எண்ணெய்ப் பீப்பாய்களைச் சோதித்து, ஏற்கலாம் அல்லது திருப்பி அனுப்பலாம் என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. திருப்பி அனுப்பியவைதான் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. ஓய்வுபெற்ற பிறகும் கைப்பழக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி வாங்கினால், எல்லாரும் இனிப்பு எடுத்துக்கொள்ளும்போது நான் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்ப்பேன். "நீங்க ரிட்டயர் ஆனது ஊருக்கெல்லாம் தெரியும். உங்களுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல" என்பாள் என் மனைவி.

சேக்காட்டில் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் போடும் வேலை கத்திரி வெயிலில் தொடங்கியது. மழைக்காலத்துக்கு முன்பு முடிக்க வேண்டிய வேலை என்பதால் முதலில் மரங்களை முடித்தார்கள். வரிசையாக நின்ற புங்க மரங்கள் ஒரே காலையில் போயின. பிறகு அந்த எந்திரம் வந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பெனி எந்திரமானாலும் பொக்லைன் என்றுதான் பெயர். பின்பக்கம் நீண்டு மடங்கும் ஒரு கை, அதன் நுனியில் பல் வைத்த வாளி. காலையில் வெயில் ஏறும்வரை தோண்டும். அதன் பிறகு ஆட்கள் பள்ளத்தில் இறங்கிக் கம்பி கட்டுவார்கள், பெண்கள் ஜல்லி சுமப்பார்கள். சாயங்காலம் மறுபடி மண் தள்ளும் வேலை வரும்வரை எந்திரம் பள்ளத்தின் ஓரமாகச் சும்மா நிற்கும்.

சும்மா என்றால் முழுக்கச் சும்மா இல்லை. கையைத் தூக்கி மடக்கி நிறுத்திவிடுவார்கள். கையை நீட்டித் தரையில் வைத்தால் தெரு அடைபட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் கணினிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கொன்றுவிடுவார்கள். இது ஒரு காரணம். கை மேலே நின்றால் கீழே கொஞ்சம் நிழல் விழும், அதில் உட்கார்ந்து சாப்பிடலாம். இது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை நான் முதல் நாளே பார்த்தேன். ஜல்லி சுமக்கும் பெண் ஒருத்தி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி, பழைய நைலக்ஸ் சேலையை அந்த இரும்புக் கையில் வீசி, இழுத்து, முடிச்சுப் போட்டு, தன் கைக்குழந்தையை உள்ளே கிடத்தினாள். மரம் இல்லாத தெருவில் தூளி கட்ட உயரமான இடம் அது ஒன்றுதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டதற்குக் காரணம் உண்டு. பார்ப்பவர்களுக்கு அந்தக் கை இரும்பு. எனக்கு அது எண்ணெய். கையைத் தூக்கி நிறுத்துவது அதன் உருளைக்குள் அடைபட்டிருக்கும் ஹைட்ராலிக் எண்ணெய்தான். எண்ணெய் அடைத்த இடத்தில் இருந்தால் கை நிற்கும், கசிந்தால் கை இறங்கும். எண்ணெய் நீர்த்துப்போனால் கசிவு கூடும், வெயிலில் எந்த எண்ணெயும் நீர்க்கும். அதனால்தான் எண்ணெய்க்கு எண் வைத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு என்றால் இளகல், அறுபத்தெட்டு என்றால் கெட்டி. கூரைக்கடியில் மின்விசிறிக் காற்றில் ஓடும் பட்டறை எந்திரத்துக்கு முப்பத்திரண்டு போதும். கத்திரி வெயிலில் வெட்டவெளியில் மண் தோண்டுகிறவனுக்கு அறுபத்தெட்டு வேண்டும்.

இரண்டாம் நாள் நான் எங்கள் வாசல் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குழந்தையைக் கிடத்தியபோது தூளியின் அடி எங்கள் கேட்டின் தாழ்ப்பாளுக்கு நேராக இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது கீழ்க் கீலுக்கு நேராக இருந்தது. சேலை இளகவில்லை. முடிச்சு நழுவவில்லை. கை இறங்கியிருந்தது.

எந்திரத்தை ஓட்டுகிறவன் பட்டாபிராம்காரன். ஓட்டுநர் அறையில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"இன்னா சார், காத்தாலேந்து குந்திகினு எங்களயே பாத்துகினு கீறீங்க? சிசிடிவி வேலையா?"

"உன் எந்திரம் இறங்குது, தெரியுமா?"

"தெரியாம இன்னா? காத்தால ஐயா ஜம்முனு நிப்பாரு. மத்தியானம் ஆனா அவுருக்கும் தூக்கம் வரும்ல?" எந்திரத்தை அவன் ஐயா என்றுதான் சொல்வான். "இப்ப பாருங்க." எழுந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஒரு நெம்புகோலை இழுத்தான். கை உறுமிக்கொண்டு மேலே போனது, தூளியோடு, குழந்தையோடு. உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

"புள்ளைக்கு லிஃப்ட்டு சார்! ஒரு நாளைக்கு நாலு வாட்டி. காசு கூட வாங்கறதில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். ஓட்டுநர் அறையின் பின்னால் இருந்த எண்ணெய் வாளியைக் காட்டினான். அதன் ஒட்டுத்தாளில் அறுபத்தெட்டு என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. உள்ளே விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு நல்லெண்ணெய் அதைவிடக் கெட்டி.

"இது எங்கே வாங்கினது?"

"ஓனரு திருமழிசையிலேந்து கொண்ணாந்தாரு. அங்க பட்டறைல மெஷினுக்கு மாத்திட்டுக் கொட்டுவாங்கல்ல, அத்த துணில வடிகட்டி விக்கறாங்க. வாளி மட்டும் ஒரிஜினலு சார், அத்த நா கேரண்டி தரேன்."

அன்று மாலை அந்தப் பெண்ணிடம் பேசினேன். எங்கள் வாசலில் போர்டிகோ இருக்கிறது, கூரையில் கொக்கி இருக்கிறது, மனைவி பார்த்துக்கொள்வாள், தூளியை அங்கே கட்டு என்றேன். மறுநாள் கட்டினாள். நான் ஏதோ சாதித்தவன் போல அன்று மதியம் தூங்கினேன். ஆனால் வடிகால் வேலை ஓரிடத்தில் நிற்பதல்ல. பள்ளம் தெருவில் நகர்ந்துகொண்டே போகும், ஆட்களும் கூடவே போவார்கள். அதற்கடுத்த நாள் வேலை பத்து வீடு தள்ளிப் போயிருந்தது. நடுவில் குழந்தைக்குப் பால் கொடுக்க அவள் வந்து போக, மேஸ்திரி சத்தம் போட்டிருக்கிறார். மறுபடியும் தூளி எந்திரத்தில் ஏறியது.

"எங்க வீடு வரைக்கும் நடக்கறதுக்கு என்னம்மா?" என்றேன்.

"உங்க வூட்டு நெழலு நல்ல நெழலுதாங்க ஐயா" என்றாள். "ஆனா அது எங்ககூட வராதுங்களே. இது நாங்க போற எடமெல்லாம் வருது. இப்பத்திக்கு எங்களுக்கு இதான் மரம்."

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். புகார் எழுதினேன். மாநகராட்சியின் இணையதளத்தில் எங்கே என்ன நிரப்ப வேண்டும் என்பதை எங்கள் தெருவில் நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பவன். துறை, உட்துறை, புகாரின் வகை என்று இறங்கிக்கொண்டே போனால் வகைப் பட்டியலில் தெருநாய் உண்டு, தெருவிளக்கு உண்டு, குப்பை உண்டு. எந்திரக் கையில் குழந்தை என்று ஒன்று இல்லை. "இதர" என்பதில் போட்டேன். எண்ணெயின் தரம், கையின் இறக்கம், கீழே உயிர் இருப்பது எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, உடனடி ஆய்வு கோரினேன். ஒப்புகை எண் வந்தது. உதவிப் பொறியாளர் அலுவலகத்துக்கும் நேரில் போய் ஒரு பிரதி கொடுத்தேன். அங்கிருந்தவர் அதைப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். பிறகு அந்தப் பணி ஒப்பந்ததாரருடையது, எந்திரம் வாடகைக்கு வந்தது, எண்ணெய் வாடகைக்கு விட்டவருடையது, குழந்தை யாருடையது என்பது தங்கள் பதிவேட்டிலேயே இல்லை என்று விளக்கினார். எல்லாம் சரிதான். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் நல்ல தமிழில்.

பிறகு அந்த மதியம் வந்தது. ஓட்டுநன் சாப்பிடக் கடைக்குப் போயிருந்தான். பெண்கள் தெருமுனைக் குழாயடியில் இருந்தார்கள். நான் குடையோடு அந்தப் பக்கமாக, வழக்கமான என் ரோந்துக்கு, போய்க்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்தே தூளியைக் காணோம். கை இருக்க வேண்டிய உயரத்தில் வானம் இருந்தது. ஓடினேன் என்று எழுத ஆசைதான். என் முழங்கால் அனுமதித்த வேகத்தில் போனேன்.

கை முழுவதுமாக இறங்கியிருந்தது. தோண்டிக் குவித்திருந்த மண்மேட்டில் வாளியின் பற்களில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை புதைந்து, அந்த இடத்தில் மேடு தாங்கியதால் மட்டும் நின்றிருந்தது. தூளி தரையில் படிந்திருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கும் வாளியின் கடைசிப் பல்லுக்கும் நடுவே என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கை மட்டும்தான் நுழைந்தது. குழந்தையைத் தூக்கினேன். அது விழித்து என் சட்டையை ஈரமாக்கியது. அதைவிட முறையான எந்த ஒப்புகையும் அந்தப் புகாருக்கு அதுவரை எனக்குக் கிடைத்திருக்கவில்லை.

இனி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என் வாழ்நாள் அனுபவத்தில் இவ்வளவு பெரிய தவறான அனுமானத்தை நான் செய்ததில்லை. ஓடி வந்த தாய் குழந்தையை வாங்கித் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை. ஓட்டுநன் வந்தான். மண்மேட்டையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அக்கா, பாத்தியா? ஐயாவே புள்ளய எறக்கி வச்சிருக்காரு! அதுவும் பைய, முழிச்சிக்காம! பெத்த அப்பன் இப்டி எறக்குவானா?"

"அவுங்க அப்பன் எங்க எறக்கறது, அவனையே டாஸ்மாக்குலருந்து நாலு பேரு தூக்கியாந்து எறக்கணும்" என்றாள் கூட வேலை செய்த இன்னொருத்தி. அழுதுகொண்டிருந்த தாயே சிரித்துவிட்டாள்.

அன்று மாலை வாளிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் குத்தி, கற்பூரம் காட்டினார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பொட்டு. மறுநாள் காலை தூளி அதே கையில், இன்னும் நல்ல முடிச்சோடு. நான் உருளை, கசிவு, வெயில் என்று ஆரம்பித்தபோது அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "கெட்டது நடக்கணும்னா நேத்தே நடந்திருக்கும்ங்களே ஐயா" என்றாள். விபத்து நடந்தால்தான் விதி பிறக்கும் என்று அலுவலகத்தில் நாங்கள் சொல்லிக்கொள்வோம். யாருக்கும் ஒன்றும் ஆகாத விபத்தில் தெய்வம் பிறக்கும் என்பதை எங்களுக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லவில்லை.

எண்ணெய் மாறியது வேறு காரணத்தால். நீர்த்த எண்ணெயால் எந்திரத்துக்குத் தோண்டவும் தெம்பில்லாமல் போயிற்று. வெயில் ஏறினால் வாளி மண்ணைக் கடிக்காமல் வருடிவிட்டு வந்தது. வேலை தாமதமாகிறது என்று ஒப்பந்ததாரர் கத்தியிருக்கிறார். கத்தலுக்கு மறுநாள் எந்திரத்தின் முதலாளி திருமழிசையிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"சார், நீங்க ஆயில்ல பெரிய ஆளாமே. நம்ம பையன் சொன்னான்."

"நீங்கள் ஊற்றியிருப்பது எந்த எண்ணெய் தெரியுமா?"

"எண்ணெய் எண்ணெய்தானே சார்? தோசைக்கா ஊத்தப் போறோம்?"

"தோசைக்கே உங்க வீட்டில் விளக்கெண்ணெய் ஊற்றமாட்டார்கள்."

வாழைப்பழத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, அவரிடம் சொல்லிக் கடையிலிருந்து வாங்கி வரவைத்த நல்ல அறுபத்தெட்டில் ஒரு சொட்டும் அவருடையதில் ஒரு சொட்டும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுச் சாய்த்துப் பிடித்தேன். அவருடையது விளிம்பைத் தாண்டி என் வேட்டியில் சொட்டியபோது மற்றது பாதிவழியில்கூட இல்லை. அவர் குனிந்து என் வேட்டியில் விழுந்த சொட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்ன செய்யணும் சொல்லுங்க சார் என்றார்.

சொன்னேன். என் மனது கொஞ்சம் குளிர்ந்த பகுதி இது, மறைப்பானேன். எந்திரம் சூடாக இருக்கும்போதே பழையதை முழுக்க வடிக்க வேண்டும். பழையதோடு புதியதைக் கலக்கக் கூடாது. வடிகட்டியை மாற்ற வேண்டும். தொட்டியைக் கழுவ மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. புது எண்ணெயை மூடி உடைக்காத வாளியிலிருந்துதான் ஊற்ற வேண்டும். எந்திரத்தின் கையை வெறுமனே நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு அளவைப் பார்க்க வேண்டும். கடைசியாக, உருளையின் உள்சீல்கள், அதாவது எண்ணெயைக் கசியவிடாமல் பிடிக்கும் ரப்பர் வளையங்கள், தேய்ந்திருக்கும். நல்ல எண்ணெய் கசிவைக் குறைக்கும், தேய்ந்த சீலைப் புதிதாக்காது. அதையும் மாற்ற வேண்டும். அதுவரை, அதற்குப் பிறகும், அந்தக் கையில் தூளி கட்டவே கூடாது.

"சத்தியமா சார்" என்றார். எதற்குச் சத்தியம் செய்தார் என்று நான் குறிப்பாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

எண்ணெயை என் கண்முன்பாகவே மாற்றினார்கள். சொன்ன ஒவ்வொன்றையும் செய்தார்கள். சீல்களை மட்டும் மாற்றவில்லை. அதற்கு எந்திரத்தைப் பட்டறையில் விட வேண்டும், வேலை முடியட்டும் என்றார்கள். மறுநாள் எந்திரம் மண்ணை வெண்ணெய் போல வழித்தது. வெயில் ஏறியதும் கையை மடக்கி நிறுத்தினார்கள். தூளி ஏறியது.

நான் போய் நின்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"நீங்கதான் சரி பண்ணிக் குடுத்துட்டீங்களாம் ஐயா. இப்ப ஒரு விரக்கடை கூட எறங்கல. நானும் பாத்துகிட்டேதான் இருக்கேன்."

பார்த்தேன். உண்மைதான். மதியம் முழுவதும் இறங்கவில்லை, என் கண்ணுக்குத் தெரிகிற அளவில். இத்தனை நாள் அந்தக் கை இறங்கி இறங்கி, ஓட்டுநனை எழுப்பி, அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்க வைத்துக்கொண்டிருந்தது. இனி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே தேய்ந்த சீல் அப்படியேதான் இருந்தது. அது மெல்லக் கசியாமல் ஒரு நாள் கிழிந்தால், மண்மேடு அந்த இடத்தில் இருக்குமா, இருக்காதா? நான் சரியான எண்ணெயைத் தேர்ந்து கொடுத்திருந்தேன். எண்ணெயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானே கையெழுத்துப் போட்டு ஏற்றிருப்பேன்.

"என்ன, உங்க ஆயில் நிக்குதாமே? அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"நிற்கிறதால்தான்" என்றேன். அவள் வாழைப்பழத்தை உரித்து என் கையில் கொடுத்தாள்.

வேலை தெருமுனையை எட்டும்வரை தினமும் குடையோடு போய் நின்றேன். ஓட்டுநன் எனக்கு ஒரு சிமெண்ட் கல்லை இருக்கையாகப் போட்டுக் கொடுத்தான். "சார் வந்துட்டாரு, ஐயா ஒழுங்கா நில்லு" என்று எந்திரத்தை அதட்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு நாள் காலையில் அவர்கள் கிளம்பினார்கள். அடுத்த வேலை பட்டாபிராமைத் தாண்டி எங்கோ. எந்திரம் முன்னால் போக, ஆட்கள் ஏறிய வண்டி பின்னால் போனது. அந்தப் பெண் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

"வரேன் சார்! ஓனரு சீலு மாத்திடுவாரு, கவலப்படாதீங்க!" என்று ஓட்டுநன் கத்தினான்.

அதன் பிறகு பேருந்தில் போகும்போதும் ரயிலில் போகும்போதும் எங்காவது ஓர் இரும்புக் கை தூக்கி நின்றால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. துணி ஏதாவது தொங்குகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஒருமுறை தொங்கியது. கிட்டே போனால் நிழலுக்குக் கட்டிய தார்ப்பாய். இன்னொரு முறை ரயில் நிற்காமல் கடந்துவிட்டது.

புகாருக்குப் பதில் சில மாதங்கள் கழித்துக் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வந்தது. மேற்படி இடம் இன்று கள ஆய்வு செய்யப்பட்டதாகவும், எந்திரமோ தாங்கள் குறிப்பிட்ட தூளியோ அங்கே காணப்படவில்லை என்றும், ஆகவே புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்படுகிறது என்றும் இருந்தது. வாசலில் மனைவி என் பழைய ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஊரெங்கும் எந்திரங்களுக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். அன்று ஆயுத பூஜை, அரசு விடுமுறை.